லாபாறு எந்த ஊர் நதி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வரும் குறுக்கெழுத்துப் புதிர் குழப்புகிறதே என்று கேட்ட வாசகருக்கு, "குழப்புவதுதானே புதிரின் வேலை" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். எவ்வளவு சுலபமாகத் தீர்த்துவிட்டீர்கள்!

குழப்பம் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் ஐயா கேள்வி. "ஆற்காட்டுப் பக்கம் ஓடும் நதி (3), கலைந்துள்ளது" என்கிறது குறிப்பு. பாலாறு என்று வேலூரில் பால்குடி மறவாத பிள்ளையும் சொல்லும். கட்டத்தில் அதை எப்படிக் கலைத்து எழுதுவது? லாபாறு? றுலாபா? மூன்றெழுத்தை 5 விதமாகக் கலைக்கலாம். நாலெழுத்து என்றால் 23, ஐந்தெழுத்து என்றால் 119. குறுக்கே வரும் சொல் ஓரெழுத்தைத்தான் உறுதி செய்யும். மிச்சத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவதா?

சொல்விளையாட்டாகக் குறிப்பு தரும் கிரிப்டிக் புதிரில் கலைவது குறிப்புதான். விடை நேராகவே நிற்கும். "விதைக! கிளறினால் முளைக்கும் பா (3)" என்று கேட்டுப் பாருங்கள். பொருள் எப்போதும் குறிப்பின் முதலிலோ கடைசியிலோ நிற்க வேண்டும். இங்கே கடைசியில் 'பா'. 'கிளறினால்' என்பது எழுத்துகளை மாற்றச் சொல்லும் சைகை. வி, தை, க மூன்றையும் மாற்றிப் போட்டால் கவிதை. வேறு எதுவும் பொருந்தாது.

"முருகன் ஆயுதம் ஏந்திய ஊர் (3)" என்று கேட்டு, விடை வேலூர் என்றீர்கள். வேல் சரி. விடையின் பாதியாகவும் ஊர், விடையின் பொருளாகவும் அதே ஊரா? குறிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலைதான் என்பது பாலபாடம். சிமெனிஸ் என்ற பெயரில் இங்கிலாந்தில் புதிர் போட்ட மெக்நட் 1966-லேயே இதற்கெல்லாம் புத்தகம் எழுதி வைத்திருக்கிறார், தாங்கள் அறியாததல்ல. "முருகன் ஆயுதம் தாங்கி நகர், இதோ கோட்டை இருக்கும் இடம் (3)" என்றிருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? நகர் என்றாலும் ஊர் என்றாலும் இடப்பெயராகவும் ஆகும், 'அசைந்து போ' என்றும் ஆகும்.

இன்னொரு வாரம் இடமிருந்து வலம் வாலாஜா. அதன் நடுக் கட்டத்திலிருந்து மேலிருந்து கீழாக லட்டு! துணைக்காலை விழுங்கியது அச்சகமா, புதிர் போட்டவரா? நகைக்கடை விளம்பரம் வந்த வாரத்தில் கீழ்வரிசைக் கட்டங்களையே வெட்டிவிட்டீர்கள். அவற்றுக்கான குறிப்புகள் மட்டும் பத்திரமாக இருந்தன. இதையெல்லாம் எழுதினால் "இடப் பற்றாக்குறை" என்பீர்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மறுவாரம் விடை போடும்போது, அதைக் குறிப்பிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் அரை வரி சேருங்கள். அந்த அரை வரியை எழுத முடியாத குறிப்புகளை, புதிர் போடுபவரே அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர்