இந்த மாதப் படங்கள்: சனிக்கிழமை கூடிப் பேசுவோம்

எல்லோருக்கும் வணக்கம். நம் குடியிருப்பு சினிமா குழுவில் இந்த மாதம் பார்த்த படங்களைப் பற்றிப் பேச, வரும் சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு மொட்டை மாடியில் கூடுகிறோம். மழை பெய்தால் கீழே கார் நிறுத்தும் இடத்தில்.

முதலில் என் கருத்து:

1. வீடு (1988): இந்த மாதம் எனக்குப் பிடித்த படம் இதுதான். பாதி கட்டிய வீட்டுக்குள் தாத்தா சொக்கலிங்க பாகவதர் மெல்ல நடந்து, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். பின்னால் இளையராஜா. வீட்டுக் கடன் கட்டுகிற யாருக்கும் தொண்டை அடைத்துவிடும்.

2. சில்ட்ரன் ஆஃப் ஹெவன் (1997, ஈரான்): சாக்கடை நீரில் ஓடும் ஷூவைத் துரத்துகிறாள் சிறுமி. நம் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும்.

3. 12 ஆங்கிரி மென் (1957): கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறை. தொடக்கத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும், அப்புறம் எழுந்திருக்க மனசு வராது.

4. காக்கா முட்டை (2015): பாட்டி வீட்டிலேயே பீட்சா சுட்டுத் தரும் இடம், அடடா!

நீங்கள் செய்ய வேண்டியது:

1. வருகிறீர்களா, எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் பதில் போடுங்கள். சுண்டலும் டீயும் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.
2. பிடித்த காட்சி ஒன்றை யோசித்து வாருங்கள். பிடிக்காததையும் தயங்காமல் சொல்லலாம்.
3. அடுத்த மாதத்துக்கு ஒரு படம் பரிந்துரையுங்கள். மலையாளம், வங்காளம் என்றால் ரொம்ப சந்தோஷம்.
4. பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். முடிவைக் குழுவில் எழுத வேண்டாம்.