செயலாளரின் ஆண்டறிக்கை 2024: பேச்சுச் சிகிச்சையும் தொடர்பாடல் உதவியும்

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பெற்றோரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பேச்சுச் சிரமமுள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் கூடும் நம் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. நவம்பர் கடைசியில் மட்டும் மழையும் வெள்ளமுமாக இருந்ததால், மூதூர், வெருகல் பக்கத்துக் குடும்பங்கள் வெளிக்கிட ஏலாது என்று தெரிந்து கூட்டத்தை நிறுத்தினோம். நிர்வாகத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வரும் குடும்பங்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, பிள்ளைக்குக் காது சோதித்தாச்சா என்பதுதான். பேச்சு வரவில்லை என்று ஊரெல்லாம் அலைந்தவர்களில் சிலர் அந்தச் சோதனையைச் செய்யாமலே வந்திருந்தார்கள். கேட்காத பிள்ளைக்கு எந்தச் சிகிச்சையும் பாதிதான் பலிக்கும். அடுத்ததாக, ‘பொறுங்கோ, ஆம்பிளைப் பிள்ளை சுணங்கித்தான் பேசும்’ என்ற ஆறுதல். சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் பொறுக்கக் கூடாது. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்ப நல உத்தியோகத்தரிடம் போங்கள், அவர் மூலம் கிளினிக்குக்குக் கடிதம் எடுங்கள். இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னோம், இனியும் சொல்வோம்.

அரசாங்க வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சை இலவசம். ஆனால் ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடைவெளி நீளம். தமிழில் செய்யக்கூடிய சிகிச்சையாளர்கள் கிழக்கில் குறைவு. இந்தத் துறையில் பட்டப்படிப்பே களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 2008இல்தான் தொடங்கியது. அதற்கு முன் டிப்ளோமா மட்டும் இருந்தது. அதனால் நம் குடும்பங்கள் தனியாரிடம் போகின்றன. மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் உண்டு, யாழ்ப்பாணம் போகிறவர்கள் உண்டு, இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் லொட்ஜ் எடுத்துத் தங்குகிறவர்களும் உண்டு. சிகிச்சைக்குக் கட்டும் காசு அந்தச் செலவில் ஒரு துண்டுதான். இரண்டு நாள் வேலை போகும். வீட்டில் நிற்கும் மற்றப் பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். அவ்வளவு பாடுபட்டு முக்கால் மணித்தியாலம் உள்ளே இருந்துவிட்டு, என்ன நடந்தது என்று விளங்காமல் திரும்பி வரும் தாய்மாரைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது.

ஆகவே இந்த ஆண்டு நாங்கள் அதிகம் பேசியது, காசு கொடுத்துப் போகும்போது எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைப் பற்றி. முதலாவது, பதிவு. பேச்சுச் சிகிச்சையாளர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, நல்ல சிகிச்சையாளர் அதற்குக் கோபிக்க மாட்டார். அடுத்தது, எழுத்தில் ஒரு திட்டம். அடுத்த மூன்று மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறோம், வீட்டில் தினமும் யார் என்ன செய்வது, எப்போது திரும்பப் பார்ப்பது என்பதெல்லாம் ஒரு தாளில், தமிழில் வேண்டும். ஓர் இடத்தில் எங்கள் உறுப்பினர் குடும்பம் ஒன்று பக்கேஜ் என்று முழுக் காசையும் முன்கூட்டியே கட்டியது. இடையில் சிகிச்சையாளர் மாறினார். புதியவரிடம் பிள்ளையைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை, மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்கள். அந்தக் காசு திரும்பவில்லை. அதன் பிறகு, ஒவ்வொரு முறையும் அந்தந்த முறைக்கு மட்டும் கட்டுங்கள், பற்றுச்சீட்டு எடுங்கள், குறிப்பின் பிரதி கேளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வருகிறோம்.

ஒன்லைன் சிகிச்சையும் சில குடும்பங்களுக்கு நன்றாகவே சரிவந்தது. சிறு பிள்ளை திரையின் முன் இருக்காது என்று பயப்பட்டார்கள். பிள்ளை திரையைப் பார்த்தபடி இருக்கத் தேவையில்லை. சிகிச்சையாளர் தாயோடு பேசுகிறார், தாய் பிள்ளையோடு விளையாடுவதைப் பார்த்துத் திருத்துகிறார். முதல் தடவை நேரில் போய், அடுத்தவற்றை வீட்டிலிருந்தே தொடர்ந்தால் பயணச் செலவு நிற்கிறது. எத்தனை முறை போனோம் என்பதை விட, போகாத நாட்களில் வீட்டில் என்ன நடந்தது என்பதே பிள்ளையை நகர்த்துகிறது.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பேச்சு வர வேண்டுமானால் வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று சில பெற்றோருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுச் சுணங்குவதில்லை. தாய்க்கு எந்த மொழி தானாக வருகிறதோ, அதில் கதையும் தாலாட்டும் கேட்டு வளர்வதே பிள்ளைக்கு நல்லது. அம்மம்மாவோடும் உம்மாவோடும் பேச முடியாத பேச்சு எதற்கு?

ஆண்டின் பெரிய வேலை படப்பலகைதான். பேச்சு இன்னும் வராத பிள்ளை, படத்தைத் தொட்டுத் தன் தேவையைச் சொல்வது. இதைக் காட்டினால் பிள்ளை சோம்பலாகிப் பேசாமலே இருந்துவிடும் என்ற பயம் பல வீடுகளில் இருந்தது. அப்பாமார்தான் அதிகம் எதிர்த்தார்கள். இப்படியான உதவிகளைப் பற்றி 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பகமாக ஆராயப்பட்ட 27 பேரில் ஒருவருக்கும் பேச்சுக் குறையவில்லை, 89 சதவீதத்தினருக்குப் பேச்சுக் கூடியிருந்தது. இதைத் தாளில் அடித்து எல்லோருக்கும் கொடுத்தோம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட 50 முன்னுரிமை உதவிச் சாதனங்களின் பட்டியலில் தொடர்பாடல் பலகையும் இருக்கிறது என்பதையும் சேர்த்தோம்.

படங்களை ஸ்பெயினின் அரகோன் மாகாண அரசு இலவசமாக வெளியிடும் அராசாக் தொகுப்பிலிருந்து எடுத்தோம். விற்காமல் பயன்படுத்த அனுமதி உண்டு. ஆனால் அதில் இருக்கும் காலைச் சாப்பாடு பாணும் பாலும். நம் பிள்ளைகளுக்கு இடியப்பமும் சொதியும் புட்டும் வேண்டும், அவற்றை வீட்டுக் கோப்பையிலேயே வைத்துப் போனில் படம் பிடித்தோம். ‘காணும்’, ‘நோகுது’, ‘ஏலாது’ என்று வீட்டில் பேசுவதையே படத்தின் கீழ் எழுதினோம். கிண்ணியாப் பிள்ளைகளின் பலகையில் வாப்பாவும் பள்ளிவாசலும், உப்புவெளிப் பிள்ளையின் பலகையில் கடற்கரையும் அப்பாவின் படகும். போட்டோகொப்பிக் கடைத் தம்பி லெமினேட் செய்ய அடக்கவிலை மட்டும் வாங்கினார், அவருக்கு நன்றி.

பலகையைக் கொடுத்துவிட்டால் போதாது. பேசும்போது நாமும் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். ‘இன்னும் வேணுமா’ என்று கேட்டால் ‘இன்னும்’ படத்தை நாமே தொட வேண்டும், அதுவும் வாரக்கணக்கில், பிள்ளை திரும்பத் தொடாவிட்டாலும். தம்பலகாமத்துப் பிள்ளை ஒன்று ஐந்து வயது வரை சாப்பாட்டு நேரம் முழுக்க அழும், தட்டை வீசும். ஒரு நாள் அம்மா புட்டை வைத்ததும் விரலை நீட்டி ‘வேண்டாம்’ படத்தைத் தொட்டது. அம்மா புட்டை அப்படியே எடுத்துவிட்டார். பிள்ளை அவருடைய முகத்தைப் பார்த்தது, மறுபடியும் தொட்டது, பிறகு சிரித்தது. தன் சொல்லுக்கு ஒரு பெரிய ஆள் கட்டுப்பட்டதை அது அன்றுதான் கண்டது. ‘வேண்டாம்’ இல்லாத பலகையை யாருக்கும் கொடுப்பதில்லை என்று நிர்வாகக் குழு அதன் பிறகு தீர்மானித்தது.

டப்லட் வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கிய, படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் அவாஸ் செயலி தமிழிலும் பேசும், ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. ஆண்ட்ராய்ட் போனில் எழுதியதை வாசிக்கும் கூகுளின் தமிழ்க் குரல் இலவசமாகவே இருக்கிறது. முதலில் தாள் பலகையில் பழகட்டும், சிகிச்சையாளர் சொன்ன பிறகு செயலிக்குக் காசு போடலாம் என்பதே எங்கள் ஆலோசனை. தாளுக்கு சார்ஜ் போடத் தேவையில்லை. செயலி வந்த பிறகும் அதை வீசிவிடாதீர்கள்.

பாரிசவாதத்தால் பேச்சை இழந்த பெரியவர்களின் குடும்பங்களும் இந்த ஆண்டு நம்மிடம் வந்தன. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பலருக்கு அறிவு இருக்கும், ஆள் அடையாளம் தெரியும், சொல்தான் வாய்க்கு வராது. அவர்கள் முன்னால் அவர்களைப் பற்றி மூன்றாம் ஆள் போலப் பேசாதீர்கள். மீன்பிடித் தொழில் செய்த ஐயா ஒருவர் பேரப்பிள்ளைகளின் பெயர் வராமல் கண் கலங்குவார். மகள் எல்லோருடைய படத்தையும் ஒரு சின்னக் கொப்பியில் ஒட்டிக் கொடுத்தார். இப்போது அவர் படத்தைக் காட்டி, யாருக்கு என்ன வாங்க வேண்டும் என்று தானே சொல்கிறார்.

பாடசாலைகளில் நிலைமை கலவைதான். சில விசேட கல்வி அலகு ஆசிரியர்கள் பலகையை வகுப்பிலும் வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் அது பையை விட்டு வெளியே வருவதில்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைப்பது இவை. கிண்ணியா, மூதூர் வைத்தியசாலைகளுக்குத் தமிழ் பேசும் சிகிச்சையாளர் நியமனம் கேட்டுப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு மனுக் கொடுப்பது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்குக் களனிப் படிப்பைப் பற்றிப் பாடசாலைகளுக்கே போய்ச் சொல்வது. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தை அந்த மனுவில் குறிப்பிடுவோம், ஏனென்றால் இது சலுகை கேட்பது அல்ல. மனுவில் கையொப்பமிட விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாசல் மேசைக்கு வாருங்கள். பலகை வேண்டியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வீட்டு ஆட்களின் படம், பிள்ளை விரும்பும் ஐந்து சாப்பாட்டின் படம், இரண்டையும் போனில் கொண்டு வாருங்கள். அப்புறம், அறிக்கையை முன்மொழிந்து வழிமொழியுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

கௌரவ செயலாளர்,
திருகோணமலை