அத்தை படமும் நம் குரூப் போட்டோவும்

மதுரை
ஐப்பசி 24

அன்புள்ள கமலா,

நாம் படிக்கும்போது எடுத்த குரூப் போட்டோ, நீ அனுப்பிய பார்சலில் பத்திரமாக வந்து சேர்ந்தது. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பழைய வேட்டியில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவரும் போட்டு நீ கட்டியிருந்த கட்டைப் பார்த்து, "உங்க ஃபிரண்டு நகைக்கடையிலயா இருந்தாங்க?" என்று கேட்கிறாள் என் மருமகள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இத்தனை பொடி எழுத்தில் எழுதுவதே அதைக் காட்டிக்கொள்ளத்தான்.

"உடனே பிரேம் போட்டு ஹாலில் மாட்டு, எனக்கும் ஒரு காப்பி அனுப்பு" என்று எழுதியிருக்கிறாய். காப்பி சரி. ஆனால் உடனே ஆகாதடி. போன வருஷம் எங்கள் அத்தை படத்தில் பட்ட பாடு எனக்குப் போதும்.

அத்தை படம் உனக்கு ஞாபகம் இருக்குமே, பூஜை அறை வாசலுக்கு மேலே, கறுப்பு வெள்ளை, பட்டுப்புடவை. வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகைச் சரம் சாத்துவேன். வாடாமல் இருக்கட்டும் என்று சரத்தில் தண்ணீர் வேறு தெளிப்பேன். அந்தத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்து கீழ்ச்சட்டத்தில் கண்ணாடி உட்காருகிற பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, இருபது வருஷம். போன தை மாதம் வெள்ளையடிக்க இறக்கினபோதுதான் பார்த்தேன், புடவைக் கரை இருந்த இடத்தில் எண்ணெய் பட்டதுபோல் ஒரு மினுமினுப்பு. தெருமுனை பிரேம் கடைக்காரர் குறடால் ஆணிகளைப் பிடுங்கி, ஹார்டுபோர்டை எடுத்தார். உள்ளே மெத்தென்று இருக்கட்டும் என்று ஒரு பழைய நாளிதழை மடித்து வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் விநியோகம் பற்றி ஒரு செய்தி. அதைப் படித்துக்கொண்டே நின்றேன். அவர் படத்தின் மேல்முனையைப் பிடித்துத் தூக்கினார். மேலே வந்தது, கீழே வரவில்லை. கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. "லேசா இழுத்தா வந்துரும்மா" என்றார். நல்லவேளை, கையைப் பிடித்துவிட்டேன்.

போட்டோவின் மேல்பக்கம் இருப்பது ஜெலட்டின் என்று நம் வேதியியல் லேபில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பூச்சுக்குள்தான் வெள்ளித் துகள்கள் படமாக நிற்கின்றன. ஈரம் பட்டால் அது மழைக்கால அப்பளம்போல் நமுத்து ஊறும். கண்ணாடி அதன்மேல் அழுந்தியிருந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். இழுத்தால் படம் காகிதத்தை விட்டுக் கண்ணாடியோடு போகும். அதனால் பிரிக்கவே இல்லை. ஒரு போட்டோகிராபர் பையனை வரவழைத்தேன். ஜன்னலை எல்லாம் மூடி, காமிராவைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்தான். இப்போது வாசலுக்கு மேலே இருப்பது அந்தப் பிரிண்ட். பழையது கண்ணாடியோடு பீரோவில் படுத்திருக்கிறது. மாலையைத் தனியாக ஓர் ஆணியில், சட்டத்தில் படாமல் போடுகிறேன். அத்தை இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார்.

சரி, நம் படத்துக்கு வருகிறேன். நேற்று அதே கடைக்கு எடுத்துப் போனேன். அளந்து பார்த்தார். "அட்டை ஓரம் ஒடியுது. கீழ ரெண்டு இஞ்ச் நறுக்கிட்டா 12-க்கு 15 பிரேம்ல கச்சிதமா உட்காரும்." நறுக்கப் பார்த்த இடத்தில்தான், கமலா, நம் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன! ஸ்டூடியோக்காரன் பெயர்களைப் படத்தில் அச்சடிக்கவில்லை, படத்தை ஒட்டியிருக்கிற மவுண்ட் அட்டையில்தான் அடித்திருக்கிறான். அதை வெட்டினால் யாரோ முப்பது பெண்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்மேல் கோபமில்லை. நாளெல்லாம் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவர். அந்தப் படம் போனால் இன்னொன்று கடையில் கிடைக்கும்.

அட்டை மரக்கூழில் செய்தது. அதில் இருக்கிற அமிலம் ஐம்பது வருஷத்தில் அதை முறுக்குபோல் ஆக்கிவிட்டது. அதனால் அட்டையோடு சேர்த்தே, அதைவிடப் பெரிய சட்டமாகப் போடப் போகிறேன். படத்துக்கு மேலே, நடுவில் ஜன்னல்போல் வெட்டின மவுண்ட் போர்டு, பருத்தியில் செய்தது. கடையில் "ஆசிட் ஃப்ரீ" என்று கேட்டால்தான் தருவார்கள், விலை ஒரு பட்டுத்துணி விலை. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மூச்சு விட இடம் கொடுப்பதும் அந்த ஜன்னல்தான். அத்தைக்கு அது இல்லை. பெயர்கள் தெரிகிற மாதிரி ஜன்னலைப் பெரிதாக வெட்டச் சொல்லியிருக்கிறேன். பசை ஒரு பொட்டுகூடக் கிடையாது. நான்கு மூலைக்கும் காகிதத்தை முக்கோணமாக மடித்து, அட்டையை அதில் செருகிவிடுவது. பழைய ஆல்பத்தில் மூலை வைப்போமே, அதேதான். செல்லோடேப்பை மட்டும் தப்பித்தவறிக்கூடத் தொட்டுவிடாதே. பழுப்பாகி, பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும். நாளைக்கு யாராவது பிரிக்க நினைத்தால் பிரிக்க முடியவேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். என் மகன் கல்யாணப் படத்தை லேமினேஷன் செய்து பலகையில் ஒட்டிக் கொடுத்தார்கள். இப்போது பலகை ஓரம் ஈரத்தில் உப்பிவிட்டது, படத்தை உரிக்க வழியில்லை. நெகட்டிவ் கேட்டால், "கடையே மாறிப்போச்சும்மா" என்கிறார்கள்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் வீட்டில் சண்டை. ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்கிறான் மகன். காலை வெயில் நேராக அங்கே விழுகிறது. அவனுடைய முதல் பிறந்தநாள் கலர் போட்டோ அங்கே தொங்கித்தான் வெளுத்துப் போயிற்று. கலர் பிரிண்டில் இருப்பது சாயம், வெயிலுக்குத் தாங்காது. நம்முடையது வெள்ளி, கொஞ்சம் தாங்கும், ஆனால் அட்டை தாங்காது. மழை அடிக்கிற மேற்குச் சுவரும் வேண்டாம். மாடிப்படிக்குப் பக்கத்து உள்சுவர் என்று முடிவு செய்திருக்கிறேன், படத்தின் நடு தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில். நின்றால் முகத்துக்கு முகம். பின்பக்கம் கீழ்மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்றுப் போகும். உங்கள் ஊர் வீட்டில் நிலைக்கு மேலே முன்னால் சாய்த்து மாட்டியிருப்பார்களே, அதிலும் காற்றோட்டம் இருந்தது. உன் தாத்தா படத்துக்குப் பின்னால் குருவி கூடு கட்டி, குஞ்சு பறக்கிற வரைக்கும் உன் பாட்டி ஒட்டடை அடிக்க விடவில்லையே!

உனக்கு ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். அதை நீ எந்த வெயிலில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்.

ஒரு விஷயம். பெயர் வரிசையில் ராமபாணப் பூச்சி ஓர் இடத்தில் அரித்திருக்கிறது. நிற்பவர்கள் இரண்டாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது. உனக்கும் எனக்கும் நடுவில் நிற்கிறாள். இரட்டைப் பின்னல், காமிரா சொடுக்கும்போது தலையைத் திருப்பியிருக்கிறாள், முகம் லேசாகக் கலங்கியிருக்கிறது. அவள் டிபன் பாக்ஸில் கொண்டுவரும் எலுமிச்சம்பழச் சாதம்கூட ஞாபகம் வருகிறது, பெயர் வரவில்லை. உனக்கு வருகிறதா? இன்றைக்கே எழுது. பிரேமை மூடுவதற்கு முன்னால் பென்சிலால் பின்பக்கம் எழுதிவிடுகிறேன்.

உன்
சரோஜா