பாத்திரம் தந்தவர்களுக்கும் கூட நின்றவர்களுக்கும்

டர்பனின் சாட்ஸ்வர்த் மக்களுக்கும், பக்கத்து ஊர்களான பீனிக்ஸ், டொங்காட் பக்கமிருந்து வந்து சேர்ந்த உறவுகளுக்கும் வணக்கம்.

ஜூன் 16 அன்று நாம் வைத்த பாராட்டு விழா உங்கள் தயவால் நல்லபடியாக நடந்தேறியது. பள்ளியில் சேர முடியாமல் நின்ற சிறுவர்களுக்காக அலைந்து திரிந்த நம் இளையவர்களை நாலு பேர் அறியப் பாராட்டத்தான் கூடினோம். 1976இல், நிறவெறி ஆட்சியின்போது, ஜோகன்னஸ்பர்க் அருகே சொவெட்டோவில் ஊர்வலம் போன மாணவர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய நாள் அது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையைத் தென்னாப்பிரிக்கா ஏற்றதும் ஒரு ஜூன் 16இல்தான், 1995இல். அந்தத் தேதியை எங்களுக்கு எடுத்துச் சொன்னவர்களும் இதே பிள்ளைகள்தான்.

முதல் நன்றி சமையற்கட்டுக்கு. விடியுமுன்பே அடுப்பு மூட்டி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, சைவப் பிரியாணியும் பருப்பும் ஆக்கி இறக்கிய அக்காமாரே, உங்களால்தான் வந்தவர் யாரும் பசியோடு திரும்பவில்லை. பந்தல் போட்டுக் கொடுத்த அண்ணன் தன் பெயரை எங்கும் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை. மேடையில் பேசியவர்கள் ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடத்தில் முடித்தார்கள். நம் கூட்டங்களில் இப்படி ஒன்றைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

இனி, பிள்ளைகள் செய்த வேலை. குழந்தை பிறந்து 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். தவறினால் அந்தச் சாட்சி, இந்தச் சான்று என்று அலைச்சல்தான். தாய் இறந்து, தகப்பன் எங்கேயென்று தெரியாமல், பாட்டி வளர்க்கும் பிள்ளைக்கு அதையெல்லாம் யார் தேடிக் கொடுப்பது? பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று எந்தப் பிள்ளைக்கும் படிப்பை மறுக்கக் கூடாது என்று கிழக்குக் கேப் மாகாணத்து மக்காண்டா உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் தீர்ப்பு தானாக நடந்து பள்ளி வாசலுக்கு வந்துவிடாதே. அதைக் கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது.

ஒரு பள்ளியின் அலுவலக அறையில் நானே பார்த்தேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் நம் பெண், பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தாள். தேவையான வரிகளுக்குக் கீழே பச்சை மையில் கோடு. முதலில் கூட வந்த ஜூலுப் பாட்டியைப் பார்த்து, அவர்கள் மொழியிலேயே, "கோகோ (பாட்டி), நீங்கள் உட்காருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு எழுத்தரிடம், குரலை உயர்த்தாமல், "இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்" என்றாள். அவரும் படித்தார். பாட்டியின் மடியில் இருந்த பையன் அதற்குள் உறையின் மூலையைக் கடித்துவிட்டான். மறுவாரம் அவன் வகுப்பில் இருந்தான்.

நிகோசி ஜான்சனைப் பற்றிப் பேசிய ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வது? எச்.ஐ.வி. இருந்ததால் 1997இல் ஜோகன்னஸ்பர்க் பள்ளியொன்றில் சேருவதற்கே போராட வேண்டியிருந்த சிறுவன் அவன். 2000 ஜூலையில் நம் டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில், உலக எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க நாளில், கர்ப்பிணித் தாய்மாருக்கு மருந்து கொடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டான். அப்போது அவனுக்கு 11 வயது. அடுத்த ஆண்டு ஜூன் 1இல் போய்விட்டான். 2005இல் தொடங்கிய சர்வதேசக் குழந்தைகள் அமைதிப் பரிசின் முதல் விருது அவனுக்குத்தான். அந்த விருதுச் சிலையே 'நிகோசி' என்றுதான் அழைக்கப்படுகிறது. ஆசிரியை அன்று மைதானத்தில் இருந்தவர். பேசும்போது தொண்டை அடைத்து நின்றுவிட்டார். கூட்டமும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தது. 16 வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையை அறிந்த சனம் அல்லவா நாம்.

பொன்னாடை, மாலை எதுவும் வேண்டாம் என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தைப் பதிவு அலுவலகம் போய்வரும் குடும்பங்களின் டாக்சிக் கூலிக்குக் கேட்டார்கள். பெரியவர்கள் சிலருக்கு முகம் சுண்டியது உண்மை. எனக்குப் பிள்ளைகள் கேட்டதுதான் சரியென்று பட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு தாத்தா எழுந்துபோய் முதல் நோட்டைப் பெட்டியில் போட்டார். ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்த தன் பாட்டனாரின் குடியேற்ற எண்ணைப் பழைய பதிவேடுகளில் வருடக்கணக்கில் தேடியவர் அவர். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது. தாத்தா, உங்களுக்கும் உங்கள் பின்னால் வந்த எல்லாருக்கும் நன்றி. ஜனவரியில் பள்ளி திறக்கும்வரை அந்தப் பெட்டி மண்டபத்தில்தான் இருக்கும்.

காசு வாங்காமல் மனுக்களைத் திருத்திக் கொடுத்த வழக்கறிஞர் தங்கைக்கும், நாற்காலி அடுக்கிய பையன்களுக்கும் நன்றி. பெரிய அலுமினியப் பாத்திரம் ஒன்று, மூடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்தது, மண்டபத்திலேயே தங்கிவிட்டது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். உரியவர் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நேரத்தில் வந்து எடுத்துக்கொள்ளவும்.

அன்புடன்,
விழாக் குழுவின் சார்பில்,
சாட்ஸ்வர்த், டர்பன்