பாட்டுச் சொல்லி வாசலைத் திறக்கவைத்த பிள்ளைகளுக்கு நன்றி

ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்றான தெற்கு யூயிஸ்டின் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பெரியவர்களுக்கும் வணக்கம்.

புத்தாண்டுக்கு முந்தைய இரவில் வீடு வீடாகப் போய்ப் பாடும் உங்கள் வழக்கப்படி, டிசம்பர் 31 இரவு எங்கள் வீட்டுக்கும் வந்தீர்களே, முதல் நன்றி அதற்குத்தான். வெளியூர்க்காரர்கள், வாடகைக்கு வந்தவர்கள் என்று தாண்டிப் போயிருக்கலாம்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இனிப்பும் சிப்ஸும் கொஞ்சம் சில்லறையும் எடுத்துவைக்கச் சொன்னதோடு, "தட்டியதும் திறந்துவிடாதீர்கள், பாட்டு முடியட்டும்" என்று அவர் மாலையிலேயே சொல்லிவிட்டுப் போனார். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் (Gaelic) அமைந்த அந்தப் பாட்டின் பொருளையும் அவர்தான் சொன்னார்: புத்தாண்டைப் புதுப்பிக்க வந்திருக்கிறேன், இது என் தாத்தா காலத்திலேயே இருந்த வழக்கம், விளக்கத் தேவையில்லை, கதவைத் திற!

கதவுக்கு உள்ளே நின்று அதைக் கேட்டோம். சின்னப் பெண் ஒருத்தி நடுவில் தடுமாற, பெரிய பையன் அவசரப்படாமல் அந்த வரியை எடுத்துக்கொடுத்து, அவள் சேர்ந்துகொள்ளும்வரை காத்திருந்தான். தம்பி, உனக்கு நன்றி. வழக்கம் தொடர்வது உன்னைப் போன்றவர்களால்தான்.

அப்புறம் அந்தக் காஷன். குச்சியில் சுற்றிய ஆட்டுத்தோலை அடுப்பில் பொசுக்கி, புகையோடு தலையை வலமாகச் சுற்ற வேண்டும். அணைந்தால் வருஷம் சரியிருக்காது என்பார்கள். திருஷ்டி சுற்றிப்போட்டே பழகிய என் அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் சுற்றி முடிக்கும்வரை பொறுமையாக நின்றீர்கள்.

1773இல் இந்தத் தீவுகள் பக்கம் பயணம் போன ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன், புத்தாண்டுக்கு முந்தைய இரவில் ஒருவர் மாட்டுத்தோல் போர்த்திக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடுவதையும், மற்றவர்கள் அந்தத் தோலைக் கம்பால் அடிப்பதையும் எழுதியிருக்கிறார். அன்றும் செய்யுள் சொன்னால்தான் கதவு திறக்கும். ஆண்கள் ஆடியது பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டதால் சுருங்கிப்போனது என்று நான் நினைக்கவில்லை. பாட்டு வேண்டும் என்ற நிபந்தனையை நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லையே!

இந்தப் பாட்டுகளைத் தேடி எழுதிவைத்து 1900இல் அச்சிட்ட அலெக்சாண்டர் கார்மைக்கேலுக்கும், தீவு முதியவர்களின் குரல்களைப் பதிவுசெய்து காத்துவரும் எடின்பரோ பல்கலைக்கழகத்தாருக்கும் நன்றி. ஊர் திரும்பிய பிறகு அந்தப் பதிவுகளைக் கேட்டுத்தான் என் மகள் முதல் நான்கு வரிகளை மனப்பாடம் செய்தாள். அவள் பாடியதை அந்த அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறோம். உச்சரிப்பு தவறாக இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

அன்புடன்,
அன்று உங்களுக்குக் கதவைத் திறந்த குடும்பம்