இல்லாத படத்துக்கு ஒரு ட்ரெய்லர்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள பவி,

நீ எடுக்கப்போகிற த்ரில்லர் ட்ரெய்லருக்கு எழுதி அனுப்பிய பிடிஎஃப்பை நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டேன். அம்மாவும் பாதி வரைக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். வாட்ச்மேன்தான் கொலைகாரன் என்று தெரிந்ததும் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் பால் காய்ச்சப் போய்விட்டாள். இந்தக் கடிதமே அந்த "இவ்வளவுதானா"வைப் பற்றித்தான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பாய். எழுதினால் உன்கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

கதை எனக்குப் பிடித்திருக்கிறது. வாடகை வீட்டுக்குப் புதிதாக வருகிற பெண், அந்த வீட்டில் முன்பு இருந்தவர் பெயருக்கு ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் பார்சல்கள், ஒருநாள் பிரித்துப் பார்த்தால் உள்ளே இவளுடைய போட்டோ. மும்பையில் வாடகைக்கு இருந்த யாருக்கும் இது சட்டென்று உறைக்கும். நம் வீட்டுக்கே இன்னும் பழைய ஆள் பெயரில் பாங்க் கடிதம் வருகிறதே.

ஆனால் நீ எழுதி வைத்திருப்பது குறும்படத்துக்கான திட்டம். ட்ரெய்லருக்கானது இல்லை. வீட்டுக்காரரோடு பேரம் பேசுகிற காட்சிக்கு ஒன்றரைப் பக்கம் வசனம் எழுதியிருக்கிறாய். மொத்தமே இரண்டு நிமிஷம்தான் என்று நீயே முதல் பக்கத்தில் போட்டிருக்கிறாய். தியேட்டரில் ஓடிய 35 எம்.எம். ஃபிலிம் கணக்கில் சொன்னால் நிமிஷத்துக்கு 90 அடி, இரண்டு நிமிஷத்துக்கு 180 அடி. அந்த 180 அடியைக் கையில் சுற்றிப் பார்த்தவனுக்குத்தான் அது எவ்வளவு கொஞ்சம் என்று தெரியும். ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனித்தனிப் படம். ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். இதில் வாடகை பேரத்துக்கு இடம் ஏது?

நீங்கள் ட்ரெய்லர் எடுக்கப்போகிற படம் என்று ஒன்று கிடையாது, அதை ஞாபகம் வைத்துக்கொள். சினிமாக்காரர்களிடம் இரண்டரை மணி நேரப் படம் கையில் இருக்கும், அதில் வெட்டி எடுப்பார்கள். உங்களிடம் வெட்ட எதுவும் இல்லை. அதனால் முழுக் காட்சியாக எதையும் எடுக்க வேண்டியதே இல்லை. இரண்டு செகண்டு, மூன்று செகண்டு நிற்கிற துண்டுகள் போதும். ஆனால் அந்தத் துண்டுகளைப் பார்த்தால் பின்னால் ஒரு பெரிய படம் இருக்கிறது என்று தோன்ற வேண்டும். அதற்கு வழி எளிது. ஒரே படிக்கட்டில் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ராத்திரி ஒன்று எடு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணின் உடுப்பு மாறட்டும், ஒன்றில் தலையை விரித்துப் போட்டிருக்கட்டும், ஒன்றில் கையில் கட்டு போட்டிருக்கட்டும். அந்தக் கட்டு எப்படி வந்தது என்று யாரும் சொல்லவேண்டாம். பார்க்கிறவர்களே நடுவில் ஒரு மாதத்தைப் போட்டு நிரப்பிக்கொள்வார்கள்.

ஹிட்ச்காக் 'சைக்கோ'வுக்கு 1960-இல் செய்த ட்ரெய்லரை, நீ மாதிரிக்கு எடுத்துக்கொண்டவற்றின் பட்டியலில் பார்த்தேன். "ஆறு நிமிடத்துக்கு மேல், இயக்குநரே தோன்றுகிறார்" என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்துவிட்டாய். அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. மனுஷன் வீடு காட்டுகிற தரகர் மாதிரி அந்த மோட்டலையும் வீட்டையும் சுற்றிக் காட்டுகிறார். இந்த மாடிப்படியில்தான், இந்த அறையில்தான் என்று ஆரம்பித்து, முடிக்காமல் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். கடைசியில் குளியலறைத் திரையை இழுக்கும்போது கத்துகிற பெண், படத்தில் அங்கே குளிக்கிற ஜேனட் லீ கூடக் கிடையாது. விக் வைத்த வேரா மைல்ஸ். அதாவது ட்ரெய்லருக்கென்றே தனியாக எடுத்தது. அவ்வளவு பெரிய ஆளே படத்தில் இல்லாததை எடுத்துக் காட்டியிருக்கும்போது, படமே இல்லாத உனக்கு என்ன தயக்கம்?

பட்டியலில் மிச்சமெல்லாம் கொரியாவும் அமெரிக்காவும்தான். நம்முடையது ஒன்றையாவது சேர். 'அந்த நாள்' 1954-இல் வந்தது, எஸ்.பாலசந்தர் எடுத்தது, பாட்டே கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்துக் கிடப்பார். யார் சுட்டது என்பதுதான் மீதிப் படம். நடந்த சாவை முதலிலேயே காட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு ஆளை உட்கார வைக்கிற வேலை அதில் இருக்கிறது. உன் ட்ரெய்லருக்கும் அப்படி ஒரே கேள்வி போதும்: "அந்தப் பார்சலை அனுப்புவது யார்?" இந்தக் கேள்விக்கு உதவாத ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பதில் சொல்லிவிடுகிற ஷாட் கண்டிப்பாக வேண்டாம். வாட்ச்மேன் சுத்தியலோடு திரும்பிப் பார்க்கிற கடைசி ஷாட்டை எடுத்துவிடு. அவன் இருக்கட்டும், பார்சலைக் கையில் வாங்கட்டும். வீட்டுக்காரரும் வாங்கட்டும், எதிர்வீட்டு அம்மாவும் வாங்கட்டும். மூன்று பேரும் ஒரே மாதிரி சந்தேகப்படும்படி இருந்தால்தான் அம்மா பால் காய்ச்ச எழுந்து போகமாட்டாள்.

ஆராய்ச்சி என்று நீ செய்திருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூகுள் ஃபார்மில் "உங்களுக்கு த்ரில்லர் பிடிக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்றுதான் போடுவார்கள். அதை வட்டப் படமாகப் போட்டு நீலம், சிவப்பு அடித்து என்ன பிரயோஜனம்? நான் தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ரூமில் இருந்த காலத்தில் ட்ரெய்லரை முதல் ரீலோடு ஒட்டி ஓட்டுவோம், சிலதை இடைவேளையில் போடுவோம். ஒரே ட்ரெய்லர் தினமும் நாலு காட்சி. எனக்கே மனப்பாடம் ஆகிவிடும், அதனால் திரையைப் பார்க்கமாட்டேன். சுவரில் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகக் கீழே ஜனங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கே பேச்சு நிற்கிறது, எங்கே சமோசாவை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நிற்கிறது, எங்கே ஆள் பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். ஒன்று மட்டும் எந்த ஊர்ப் படமானாலும் மாறவே இல்லை. இசை பெரிதாக வெடிக்கிற இடத்தில் கை நிற்காது. சத்தம் திடீரென்று அறுந்துபோகிற இடத்தில்தான் நிற்கும். கரண்டு போய்விட்டதோ என்று எல்லாத் தலையும் நிமிரும். அந்த ஒரு செகண்டில் நீ எதைக் காட்டினாலும் மனதில் ஏறிவிடும்.

அதனால் நீ செய்யவேண்டியது இதுதான். படம் வரைந்த ஸ்டோரிபோர்டை மொபைலில் போட்டோ எடுத்து, வரிசையாக அடுக்கி, உன் குரலிலேயே சத்தம் போட்டு இரண்டு நிமிஷ வீடியோ ஆக்கு. அதை ஹாஸ்டலில் நாலைந்து பேருக்குத் தனித்தனியாகக் காட்டு. நீ வீடியோவைப் பார்க்காதே, அவர்கள் முகத்தைப் பார். முடிந்ததும் ஒரே கேள்வி: "அடுத்து உனக்கு என்ன தெரியணும்?" பார்சல் யார் அனுப்பினது என்று கேட்டால் ஜெயித்தாய். "அந்தப் பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டால் எங்கோ பாதை மாறியிருக்கிறது. இங்கேயும் ஒரு காப்பி அனுப்பு. பக்கத்து வீட்டு மராத்திக் காக்குவுக்குக் காட்டுகிறேன். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அவருக்கே புரிந்துவிட்டால் உன் வசனத்தில் முக்கால்வாசியை வெட்டிவிடலாம்.

சத்தத்துக்கு வருவோம். "பயமுறுத்தும் பின்னணி இசை, இணையத்திலிருந்து" என்று எழுதியிருக்கிறாய். ஏதாவது படத்தின் இசையை எடுத்துப் போட்டால் யூட்யூபில் ஏற்றிய உடனே உரிமைக்காரர் பெயரில் பிடித்துவிடும், சத்தத்தை ஊமையாக்கவும் செய்யும். உரிமைச் சிக்கல் இல்லாத இசை கிடைக்கிறது, அதிலும் நிபந்தனையைப் படித்துவிட்டு எடு. என்னைக் கேட்டால் இசையே பெரிதாக வேண்டாம். நம் பில்டிங்கில் இரண்டாவது மாடியில் அந்தக் குருவி சத்தம் போடுகிற காலிங்பெல் இருக்கிறதே, "கிச் கிச் கிச்" என்று, சின்னப் பிள்ளையில் நீ அடித்துவிட்டு ஓடுவாயே, அதைப் பதிவு பண்ணு. முதல் தடவை பார்சல் வரும்போது அந்தக் குருவி கூவட்டும், சிரிப்பாக இருக்கும். இரண்டாவது தடவை ராத்திரி கூவட்டும். மூன்றாவது தடவை அவள் கதவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், சத்தமெல்லாம் அறுந்துவிடுகிறது, பெல் அடிக்கவில்லை. அப்புறம் படத்தின் பெயர். பெயர் வந்து போனபிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு "கிச்". போதும்.

இனி ஊர் விஷயம். தீபாவளி லீவில் வந்து எடுக்கப்போவதாகச் சொல்கிறாய், கதையிலோ மழை கொட்டுகிறது. தீபாவளிக்குள் இங்கே மழைக்காலம் முடிந்துவிடும். தண்ணீர் லாரிக்குக் கொடுக்க உன்னிடமும் காசு இல்லை, என்னிடமும் இல்லை. மழையை விட்டுவிடு. அதற்குப் பதில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஆகாச கந்தில், அதுதான் தீபாவளி விளக்குக் கூண்டு, தொங்கும், நம் மாடி வராந்தா பூராவும் சிவப்பு வெளிச்சமாக இருக்கும். அதைப் பணம் கொடுத்து ஏற்பாடு பண்ணினாலும் வராது. பட்டாசுச் சத்தம்தான் தலைவலி. வசனம் ஏதாவது இருந்தால் தீபாவளிக்கு முன்னாடியே எடுத்து முடி.

டியூப் லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது கவனம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மொபைலை அப்படியே விட்டால் பெரும்பாலும் 30 ஃபிரேமில் எடுக்கும், ஷட்டரும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் பதிகிற நேரமும், செகண்டில் 60-இல் ஒரு பங்கில் போய் நிற்கும், படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃபிரேம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு என்று கையால் வைத்துப் பூட்டிவிடு. மலிவான எல்இடி பல்புகளில் சிலது அப்போதும் மினுக்கும், முந்தின நாளே எடுத்துச் சோதித்துப் பார்.

மாட்டுங்காவையும் மாட்டுங்கா ரோட்டையும் சேர்க்கிற இசட் பிரிட்ஜில் துரத்தல் எடுக்க ஆசைப்பட்டிருக்கிறாய். ஆசை நியாயம்தான், அந்த வளைவில் திரும்பினால் பின்னால் வருகிறவன் தெரியமாட்டான். ஆனால் தண்டவாளத்துக்கு மேலே இருக்கிற பாலம், முதலில் அனுமதி வாங்க வேண்டும். ஸ்டேஷன், ரயில் பெட்டி எல்லாமே அப்படித்தான், சென்ட்ரல் ரயில்வேக்கும் வெஸ்டர்ன் ரயில்வேக்கும் தனித்தனியாக அலைய வேண்டும். ட்ரோன் பேச்சே எடுக்காதே. நம் பில்டிங் படிக்கட்டிலேயே துரத்தலை வைத்துக்கொள். மரக் கைப்பிடியில் கை வழுக்கிக்கொண்டு இறங்குவதை மேல்மாடியிலிருந்து நேராகக் கீழே பார்த்து எடுத்தால் பாலத்தை விட நன்றாக வரும். சொசைட்டி செக்ரட்டரிக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பு, நான் நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன். நடிக்கிற எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கிவிடு.

பொம்மைத் துப்பாக்கி கூடவே கூடாது. 2008 தீவிரவாதத் தாக்குதலுக்குப் பிறகு இந்த ஊரில் தெருவில் துப்பாக்கி மாதிரி எதைத் தூக்கினாலும் யாரும் ஷூட்டிங் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். ராத்திரி ஷூட்டிங் பத்து மணியோடு முடியும். அதற்கு மேல் இருட்டு வேண்டுமென்றால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள். உன் தோழிகளின் அப்பா அம்மா யாராவது கேட்டால் என் நம்பரைக் கொடு.

கடைசியாக, வாட்ச்மேன் வேஷத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறாய். முகம் தெரியாது, கையும் தொப்பியும்தான் தெரியும் என்றால் வருகிறேன். சுத்தியல் கிடையாது. காக்கிச் சட்டைக்கு வாடகை கொடுக்காதே, கீழே இருக்கிற பாண்டேயிடம் பழைய சட்டை ஒன்று கேட்டிருக்கிறேன், தோள் கொஞ்சம் பிடிக்கும். திருத்திய ஷாட் லிஸ்டைக் குர்லா எக்ஸ்பிரஸ் ஏறுவதற்கு முன்னாலேயே அனுப்பிவிடு. வந்து இறங்கிய பிறகு உட்கார்ந்து எழுதலாம் என்று நினைக்காதே, வீட்டுக்கு வந்தால் நீ தூங்கத்தான் செய்வாய். எத்தனை பேர் சாப்பாட்டுக்கு, யார் யார் கறி சாப்பிடமாட்டார்கள் என்று அம்மா கேட்கிறாள், அதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா