வெப்ஸ்டர்னா நெசவாளியாம்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

சேலம் குகையில இருந்து எழுதுறேன், ஏற்காட்டுக்கு டாக்ஸி ஓட்டுறவன். போன மாசம் ஸ்காட்லாந்துல இருந்து ஒரு வயசான அம்மா வந்தாங்க, தாத்தாவோட தாத்தா இங்க காபி எஸ்டேட்ல துரையா இருந்தவராம், கல்லறை இருக்கான்னு பாக்கணும்னு ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்கு கூட்டிட்டு போனேன். கல்லறை கிடைக்கல. ஆனா 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கறதுக்குள்ள அவங்க சொன்னது இன்னும் மண்டைக்குள்ளயே ஓடுது.

அவங்க பேரு வெப்ஸ்டர், அதுக்கு நெசவாளின்னு அர்த்தமாம், முதல்ல பொம்பளை நெசவாளியைத்தான் அப்படி கூப்பிட்டாங்களாம், அப்புறம் குடும்பத்துக்கே ஒட்டிக்கிச்சு. பாக்ஸ்டர்னா ரொட்டி சுடறவர், சூட்டர்னா செருப்பு தைக்கிறவர், மெக்கின்டயர்னா தச்சர் மகன். நம்ம மலைக்கு காபிச் செடி கொண்டு வந்த சேலம் கலெக்டர் காக்பர்னோடது (வாயால சொல்றப்ப கோபர்ன்னுதான் சொல்லணுமாம்) தொழில் பேரு இல்ல, ஊரு பேரு.

எங்க அப்பா குழித்தறியில (குழிக்குள்ள காலை விட்டு உக்காந்து ஓட்டுற தறி) வெண்பட்டு வேட்டி நெய்தவருன்னு சொன்னேன். அந்தம்மா கழுத்துல இருந்த சால்வைய காட்டுனாங்க, பூரா மாங்கா டிசைன். பெய்ஸ்லின்னு அவங்க ஊரு ஒண்ணு, அங்க இருந்த தறிக்காரங்க காஷ்மீர் சால்வையைப் பாத்து நெய்து நெய்து இப்ப இங்கிலீஷ்ல அந்த மாங்காய்க்கே பெய்ஸ்லின்னு பேராகிப் போச்சு. காஷ்மீர்காரன் பேரு காணோம் பாருங்க.

அப்புறம் "உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன"ன்னு கேட்டாங்க சார். தெரியல. எங்களுக்கு இனிஷியல் ஒரு எழுத்துதான், அதுவும் அப்பாவோட நின்னுடுது. ஸ்காட்லாந்துல 1855லயே பிறப்பு இறப்பு கல்யாணம் எல்லாத்தையும் பதியணும்னு சட்டம், அதுக்கு முன்னாடி சர்ச் ரிஜிஸ்டர், கல்யாணம் ஆன பொம்பளைக்கும் பொறந்த வீட்டு பேரையும் சேத்தே எழுதி வச்சிருக்காங்க. மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு வைக்கிற வழக்கமும் உண்டாம், நாமளும் அதனாலதான பேரன்னு சொல்றோம். மீன்பிடிக்கிற ஊர்ல ஒரே பேர்ல பத்து பேர் இருந்தா ஆளுக்கு ஒரு பட்டப்பேராம், அதையும் விடாம ரெக்கார்டுல எழுதியிருக்காங்க. நம்ம தெருவுல இல்லாத பட்டப்பேரா? ஆனா யாரு எழுதி வச்சா?

துரையோட வம்சம் நாலு தலைமுறைக்கு அப்புறமும் பேப்பரோட வந்து நிக்குது, அதே எஸ்டேட்ல காபி பழம் பறிச்சவங்க, மேஸ்திரி, இங்க கீழ சேலத்துல தறி வேலைக்கு பாவு ஓடுனவங்க, தார் சுத்துனவங்க, அச்சு பிணைச்சவங்க வம்சம் என்னாச்சுன்னு கேட்டா ஒரு காகிதம் இல்ல. வெள்ளைக்காரன் கல்லறைய போட்டோ புடிச்சு போடறத தப்புன்னு சொல்ல வரல, உங்க பேப்பர்ல அது வந்தா நானும் படிக்கிறேன். வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்கி சேலத்து பழைய தொழில் பேரு, தெருப் பேரு, பட்டப்பேரு இதெல்லாம் வாசகர்கள எழுதச் சொல்லுங்க சார்.

எங்க அத்தைக்கு 84 வயசு, தாத்தாவோட அப்பா பேரைக் கேட்டா திங்கக்கிழமை ஒரு பேரு சொல்றாங்க வெள்ளிக்கிழமை வேற பேரு சொல்றாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா தேவலை.

இப்படிக்கு,
டாக்ஸி டிரைவர் ஒருத்தர், குகை, சேலம்